பூட்டு அக்காவின் வெள்ளைக் கட்டங்கள்

பூட்டு அக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான்தான். நல்ல மனசோடு வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு டீ போட்டுக் குடிக்கலாம் என்று அலமாரியைத் திறக்கப் போனால் பூட்டு. பேனா எடுக்கலாம் என்று இழுப்பறையை இழுத்தால் அதற்கும் பூட்டு. "டீத்தூளுக்கெல்லாமா பூட்டுப் போடுவாங்க?" என்று கேட்டேன். "டீத்தூளுக்கு இல்ல தம்பி, டம்ளருக்கு. போன மாசம் பன்னெண்டு இருந்துச்சு, இப்போ எட்டு" என்றாள். அன்றைக்கு மத்தியானமே நர்ஸுகளிடம் பூட்டு அக்கா என்று சொல்லிச் சிரித்தேன். பெயர் ஒட்டிக்கொண்டது, அவள் காதுக்கும் போயிற்று. கோபப்படவில்லை. "பூட்டுன்னா நல்ல பேருதான்" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்கப் போய்விட்டாள்.

அவள் எங்கள் டயாலிசிஸ் பிரிவின் எழுத்தர். நான் டெக்னீஷியன், மெஷினைக் கழுவி, குழாய் மாட்டி, ஆளை எடை பார்த்து, கையில் ஊசி குத்தி, நான்கு மணி நேரம் பக்கத்தில் காவல் இருப்பவன். பன்னிரண்டு மெஷின்கள். காலை, மதியம், மாலை என்று ஒரு நாளைக்கு மூன்று முறை. சிறுநீரகம் நின்றுபோன அறுபத்தெட்டுப் பேர் வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். பாதிப் பேருக்குத் திங்கள், புதன், வெள்ளி. மீதிப் பேருக்குச் செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாள் தள்ளிப் போனாலே சிலருக்கு மூச்சு வாங்கும். வெளியே இன்னும் நாற்பது பேர் இடத்துக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே ஒருவர் போனால்தான் வெளியே இருக்கும் ஒருவருக்கு இடம். இதை நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

யாருக்கு எந்த நாள், எந்த முறை என்பதெல்லாம் ஒரே ஷீட்டில் இருந்தது. அலுவலகக் கம்ப்யூட்டரிலும், எங்கள் எல்லாருடைய போனிலும், நோயாளிகளின் வீட்டார் போனிலும் ஒரே நேரத்தில் தெரிகிற ஷீட். அக்கா உருவாக்கியது. இடது பக்கம் சாம்பல் நிறம் அடித்த கட்டங்கள்: நோயாளியின் எண், பெயர், ரத்த வகை, எடை, வீட்டு போன் நம்பர், தொற்று இருப்பவர்களுக்கான தனி மெஷினா இல்லையா என்கிற விவரம். இவை அத்தனைக்கும் பூட்டு. அவளைத் தவிர யாரும் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. விரலை வைத்தால், 'இந்தக் கட்டம் பாதுகாக்கப்பட்டது' என்று எழுந்து நின்று சொல்லும். வலது பக்கம் வெள்ளைக் கட்டங்கள்: நாள், முறை, வண்டி அனுப்ப வேண்டுமா, குறிப்பு. இவை திறந்திருந்தன. நர்ஸ் எழுதலாம், வண்டி டிரைவர் எழுதலாம், வீட்டார் எழுதலாம். வியாழக்கிழமை ஊருக்குப் போகிறோம், மதியத்துக்கு யாராவது மாற்றிக்கொள்வீர்களா என்று ஒருவர் எழுத, நான் வருகிறேன் என்று இன்னொருவர் எழுத, அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அதற்கு முன்னால் அக்கா நாள் முழுக்க போனும் கையுமாகத்தான் இருப்பாளாம்.

வீட்டார் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயில் வேண்டும் என்பதில் மட்டும் அவள் விடாப்பிடி. மெயில் இல்லாதவர்களைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து அவளே தொடங்கிக் கொடுப்பாள். ஏனென்றால் அந்த ஷீட்டில் பழைய மாற்றங்கள் என்று ஓர் இடம் உண்டு. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த மெயில்காரர் எந்தக் கட்டத்தைத் தொட்டார் என்பது அங்கே ஆளுக்கொரு நிறத்தில் அப்படியே நிற்கும். "யார் கை எங்க பட்டுச்சுன்னு எனக்குத் தெரியணும் தம்பி. தெரியலைன்னா எனக்குச் சோறு இறங்காது" என்பாள்.

சுவரில் அவள் ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது: 'ஷீட்டில் உள்ளதே முடிவு. போன் செய்து கேட்க வேண்டாம்.' நான்கூட ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை அவளுக்குப் போன் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். "கண்ணு எதுக்கு இருக்கு? ஷீட்டைப் பாரு" என்று பட்டென்று வைத்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். அப்புறம் பழகிவிட்டேன். நன்றாகவே பழகிவிட்டேன்.

மேனேஜருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பூட்டின கட்டங்களைத் திறக்கும் உரிமையைத் தனக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "சார், வெள்ளைக் கட்டம் உங்களுக்கும் திறந்துதானே இருக்கு?" என்பாள் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. "பேரை மாத்தணும்னா எப்படிம்மா?" என்று ஒரு நாள் கத்தினார். "எதுக்கு சார் பேரை மாத்தணும்?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் ஃபைலை மூடிக்கொண்டு எழுந்து போனார். எங்கள் எல்லாருக்கும் பதில் தெரியும். காத்திருப்போர் பட்டியலும் அதே ஷீட்டில் அடுத்த பக்கத்தில் இருந்தது, அதுவும் சாம்பல் நிறத்தில்.

இந்தப் பிடிவாதத்தை நான் ரொம்ப நாள் திமிர் என்றே நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில், வண்டி வரத் தாமதமாகி இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது, எதற்கோ பேச்சு வந்து அவளே சொன்னாள். பதினான்கு வருடம் முன்னால் இங்கே ஷீட் கிடையாது. நீளமான நோட்டு, பென்சில். அவளுடைய தம்பி இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாக இருந்தான். அப்போது அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தினமும் வேலைக்குப் போகிற வழியில் வந்து நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மூன்று, மூன்று, இரண்டு. ஒரு நாள் காலை பார்த்தால் இரண்டாவது வரியில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. தம்பியின் பெயரே நோட்டில் இல்லை.

"ரப்பர் போட்டு அழிச்ச இடம் நல்லாத் தெரிஞ்சுது. காகிதம் கொஞ்சம் மெலிஞ்சு போயிருந்துச்சு. விரலை வெச்சுத் தடவிப் பார்த்தேன். யார் அழிச்சதுன்னு கேட்டா, ஆளாளுக்கு நான் இல்ல நான் இல்லன்னாங்க. பென்சிலுக்குத்தான் ஆள் தெரியாதே." தம்பி அடுத்த ஐந்தாவது வாரம் போய்விட்டான். அதே பிரிவில் எழுத்தர் வேலை காலியானபோது விண்ணப்பம் போட்டு வந்து உட்கார்ந்தாள். "அதே இடத்துக்கு எப்படிக்கா வரத் தோணுச்சு?" என்றேன். "அந்த நோட்டு இருக்கற மேசையில நான் உட்காரணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

பெயரை அழித்ததால் தம்பியை இழந்தவள். ஆகவே பெயரைத்தான் பூட்டினாள். நாளையும் முறையையும் திறந்து வைத்தாள். நாள் இன்றில்லாவிட்டால் நாளைக்கு, அதற்காக ஆள் இல்லாமல் போய்விடுவானா என்று நினைத்தாள். அப்போது யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

எங்கள் நோயாளிகளில் லிஃப்ட்காரர் என்று ஒருவர் இருந்தார். பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஓட்டியவர். திங்கள், புதன், வெள்ளி, காலை முறை. உள்ளே நுழையும்போதே, "மேலயா, கீழயா?" என்று எங்களைக் கேட்பார். நான் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, "மேல வேணாம் பெரியவரே, இந்த மாடியிலயே இருங்க" என்பேன். மூன்று வருடமாக வாரம் மூன்று தடவை இதே பேச்சு. எனக்கு அலுத்ததே இல்லை. அவருக்கு ஒரே மகள். ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்குத் தண்ணீர் எத்தனை டம்ளர் குடிக்கலாம், பழம் எதைத் தொடக்கூடாது என்று அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அவர் அவளைப் பாப்பா என்றுதான் சொல்வார். பாப்பாவுக்கு வயது இருபத்தாறு.

ஒரு வாரக் கடைசியில் நடந்ததை எங்களுக்குத் தெரிய வந்த வரிசையில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு லிஃப்ட்காரர் பஸ் பிடித்துத் தானாகவே வந்து சேர்ந்தார். "வண்டி வரலையே தம்பி, டிரைவர் மறந்துட்டான் போல" என்றார். எனக்கு ஆச்சரியம். டிரைவர் ஷீட்டைப் பார்த்துத்தான் ஆட்களை ஏற்றி வருவான். அவருடைய மெஷினில் வேறோர் அம்மா ஏற்கெனவே படுத்திருந்தார். அவர் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைக்காரர்; வண்டி வந்து கூப்பிட்டது, வந்துவிட்டேன் என்றார். போனை எடுத்து ஷீட்டைப் பார்த்தேன். லிஃப்ட்காரரின் பெயருக்கு நேரே செவ்வாய், வியாழன், சனி, மாலை என்று இருந்தது. பக்கத்தில் குறிப்பு: 'அப்பாவைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்ற முடியுமா? எனக்கு வேலை நேரம் மாறுகிறது. மகள்.'

எல்லாம் பொருந்திவிட்டது. மகள் கேட்டிருக்கிறாள், அக்கா மாற்றிக் கொடுத்திருக்கிறாள், காலியான இடத்துக்கு அந்த அம்மா வந்திருக்கிறார். "உங்க பொண்ணே கேட்டு மாத்தியிருக்காங்க பெரியவரே. நாளைக்குச் சாயந்திரம் வாங்க" என்றேன்.

"பாப்பா கேட்டுச்சா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல மறந்திருப்பாங்க."

அவர் குனிந்து செருப்பில் காலை நுழைத்தார். கால் வீங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன்; பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை சுத்தம் செய்துகொண்டவர், நடுவில் சனி, ஞாயிறு. அக்கா அன்றைக்கு அரை நாள் லீவு. அவள் கணவருக்குக் கண் பரிசோதனை. அறுபத்தெட்டுப் பேரின் முறையும் அவளுக்கு மனப்பாடம். ஒரு போன் செய்திருந்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். போன் என் கையில்தான் இருந்தது. சுவரில் அந்தக் காகிதமும் இருந்தது. நான் போன் செய்யவில்லை.

"சரி தம்பி, லிஃப்ட் இன்னிக்கு நடுவுலயே நிக்குது போல" என்று சிரித்துவிட்டுப் படி இறங்கினார். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்னால் அவருக்கு இதயம் நின்றுவிட்டது. காலை எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள். அக்காதான் எடுத்தாள். "திங்கட்கிழமை செஞ்சுக்கிட்டுத்தானேம்மா போனாரு?" என்று அக்கா கேட்பது எனக்குக் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு என்னைத்தான் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். "நான் எதுவும் மாத்தலையே" என்றாள்.

கம்ப்யூட்டரில் பழைய மாற்றங்களைத் திறந்தாள். நான் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். நர்ஸுகள் மெஷின் அறையில் இருந்தார்கள். எழுத்தர் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். ஊதா நிறம். முப்பத்தொன்றாவது வரியிலிருந்து முப்பத்தேழாவது வரி வரை, ஏழு பேரின் வெள்ளைக் கட்டங்கள் மொத்தமாக இடம் மாறியிருந்தன. அடுத்த நிமிடம் அதே ஊதா நிறத்தில் அந்தக் குறிப்பு. மெயிலில் இருந்த பெயர் லிஃப்ட்காரரின் மகளுடையது.

என்ன நடந்தது என்பது பார்த்ததுமே விளங்கிவிட்டது. மாலை முறையில் யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் மாற்றிக்கொள்ளக் கேட்கலாம் என்று பார்க்க அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். கண்ணுக்குத் தெரிந்த ஏழு வரிகளைக் காலை, மதியம், மாலை என்று முறை வாரியாக அடுக்கிப் பார்க்கப் போயிருக்கிறாள். முழு வரியையும் பிடித்து அடுக்க முடியாது. சாம்பல் கட்டம் பூட்டியிருக்கிறது, நகராது என்று ஷீட் தடுத்திருக்கும். ஆகவே வெள்ளைக் கட்டங்களை மட்டும் பிடித்து அடுக்கியிருக்கிறாள். நாளும் முறையும் நகர்ந்துவிட்டன. பெயர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அவளுக்கு அது தெரியவே இல்லை. அப்பாவின் பெயருக்கு நேரே குறிப்பை எழுதிவிட்டுக் கடையில் அடுத்த ஆளுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போயிருப்பாள். ஏழு பேரில் ஐந்து பேருக்குப் பழைய முறையே திரும்ப வந்திருந்தது. மாறியது இரண்டு பேருக்குத்தான்: அந்த அம்மாவுக்கும் லிஃப்ட்காரருக்கும்.

பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் வரி முழுசாக நகர்ந்திருக்கும். பெயரோடு நாளும் சேர்ந்து போயிருக்கும். ஒரு கேடும் வந்திருக்காது. இதை அக்கா வாய்விட்டுச் சொன்னாள். "பூட்டினதாலதான்டா" என்றாள். அதுவரை என்னை அவள் டா போட்டுப் பேசியதே இல்லை.

நான் பயந்தவன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதி. என் மேல் தப்பில்லை, அக்கா மேலும் தப்பில்லை, திரையிலேயே சாட்சி இருக்கிறது. "அக்கா, இதை அப்படியே மேனேஜர்கிட்ட காட்டிடுங்க. நாம தப்பிச்சோம்" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

"காட்டினா?"

"காட்டினா என்ன? அந்தப் பொண்ணுதானே செஞ்சிருக்கு."

"அதுக்குத் தெரிஞ்சா?"

நான் திரையில் இருந்த அந்த ஊதா நிறத்தைப் பார்த்தேன்.

"இருபத்தாறு வயசு. ஆளுன்னு இருந்தது அப்பா ஒருத்தர். தன் கையாலயே அவரை அனுப்பிட்டோம்னு தெரிஞ்சா இன்னும் அம்பது வருஷம் அது எப்படித் தூங்கும்? நீ சொல்லு."

"அதுக்காக நீங்க..."

"நான் தூங்கி பதினாலு வருஷம் ஆச்சு. எனக்குப் பழக்கம்."

பிறகு அவள் செய்ததை நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஷீட்டை அப்படியே ஒரு நகல் எடுத்தாள். நகலில் பழைய மாற்றங்கள் வராது. ஏழு வரிகளையும் சரியாக்கினாள். குறிப்பைத் துடைத்தாள். பூட்ட வேண்டியவற்றைத் திரும்பப் பூட்டினாள். எல்லாருக்கும் புது ஷீட்டை அனுப்பிவிட்டுப் பழைய ஷீட்டை அழித்தாள். குப்பைக்குப் போனதையும் தேடிப் போய் அழித்தாள். நிச்சயமாக அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. அவள் விரல் அங்கே ரொம்ப நேரம் நின்றது. எட்டு வருடமாக யார் கை எங்கே பட்டது என்று சேர்த்து வைத்த அத்தனையும் அதில் இருந்தது. ரப்பரைப் பற்றி அன்றைக்கு அவள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். அழித்துவிட்டாள்.

வியாழக்கிழமை மகள் வந்தாள். கூட அவளுடைய பெரியப்பா. மேனேஜர் அறைக்கு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் அழவில்லை. கண் இரண்டும் வீங்கி, உதடு காய்ந்துபோய், போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எங்கப்பா திங்கள்கிழமைக்காரர். மூணு வருஷமா திங்கள்கிழமைக்காரர். யார் மாத்தினது?" என்றாள். "சாயந்திரம் வந்து பார்க்கறேன், மூச்சு வாங்குது. ஏம்ப்பா போகலைன்னா, நாளைக்குத்தானாம்னாரு. நம்பாம ஷீட்டைப் பார்த்தேன். செவ்வாய்னு போட்டிருந்துச்சு. அதுல தப்பே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் விட்டுட்டேன்."

"நான்தாம்மா" என்றாள் அக்கா. "வேற ஒருத்தருக்கு நாள் மாத்தும்போது கை தவறி உங்கப்பா வரியில மாத்திட்டேன்."

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய மாற்றங்களைக் காட்டச் சொன்னார். இப்போது இருப்பது புது ஷீட், பழையதை அழித்துவிட்டேன் என்றாள் அக்கா. "தப்பையும் பண்ணிட்டு, அதை மறைக்க ஷீட்டையே அழிச்சிட்டியா?" என்று மேனேஜர் எழுந்தே விட்டார். அக்கா ஆமாம் என்றாள். அந்த மனுஷன் முகத்தில் வருத்தம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

மகள் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் திடீரென்று இறங்கிப்போயிற்று. "நான் சனிக்கிழமை ஒரு குறிப்பு எழுதினேன். சாயந்திரத்துக்கு மாத்த முடியுமான்னு. நான் கேட்டதாலதான்னு அப்பாகிட்ட இங்க யாரோ சொன்னாங்களாம்." போனை இன்னொரு கைக்கு மாற்றினாள். "நான் எழுதினதாலயா?"

அந்த யாரோ நான்தான். அறையில் நான் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லம்மா. உன் குறிப்பை நான் பார்க்கவே இல்ல. உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்தத் தம்பி திங்கட்கிழமை அதைப் பார்த்துட்டு அவராவே ஒண்ணு நினைச்சுக்கிட்டாரு. தப்பு முழுக்க என்னோடது."

அந்தப் பெண் ஒரு மூச்சு விட்டாள். நெஞ்சுக்குள் மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது, நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி அவள் அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். ஒன்றல்ல, இரண்டு. "பாவி, நீ நல்லா இருப்பியா? உன் வீட்ல ஒருத்தர் இப்படிப் போயிருந்தா உனக்குத் தெரியும்!" என்று கத்தினாள். பெரியப்பா அவளைப் பிடித்து இழுத்தார். அக்கா கையைக்கூடத் தூக்கவில்லை. அவள் தம்பியைப் பற்றி அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே வேலை போயிற்று. தடயத்தை அழித்தவள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாள் அவளுக்கு முன்னாலேயே எல்லா மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கே விண்ணப்பம் போட்டாலும் கதவு சாத்தினார்கள். நான் ஷீட்டில் இருந்தபடி நடந்துகொண்டேன் என்று எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. என் வேலை தப்பித்தது. அவள் இழுப்பறைச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "டம்ளர் எட்டு இருக்கு, எண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது ஷீட் மேனேஜர் கையில். சாம்பல் நிறம் இருக்கிறது, பூட்டு இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர்கள் மேலும் கீழும் போய்வருகின்றன. நாலாவதாக இருந்தவர் போன மாதம் திடீரென்று பதினொன்றாவது ஆகிவிட்டார். அவருடைய மனைவி தினமும் வந்து என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள். யார் மாற்றியது என்று பழைய மாற்றங்களில் பார்க்கலாம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். ஒரு தடவை ஊமையாக இருந்து பழகினவனுக்கு இரண்டாவது தடவை ரொம்ப சுலபம்.

அக்கா வீட்டுக்கு அவ்வப்போது போவேன். கணவருக்குப் பார்வை பாதி போய்விட்டது. அவள் ஒரு துணிக்கடைக்குப் பை தைத்துக் கொடுக்கிறாள். கம்ப்யூட்டர் பக்கம் போவதில்லை. என்ன பேசினாலும் ஆமாம், இல்லை என்பதோடு சரி. உண்மையை ஒருநாள் போட்டு உடைக்கப் போகிறேன் என்று ஒரு தடவை நான் குதித்தபோது மட்டும், தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "அப்படிச் செஞ்சா என் மூஞ்சியில முழிக்காத" என்றாள்.

போன வாரம், லிஃப்ட்காரரின் மகள் அப்பாவின் பழைய பரிசோதனைத் தாள்களைக் கேட்டு வந்திருந்தாள். ஒன்றே கால் வருடத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கிறேன். கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். வேறு கடையில் வேலையாம். தாள்களை எடுத்துக் கொடுத்தேன்.

"அந்தப் பொம்பள இப்போ எங்கண்ணே இருக்கா?" என்றாள்.

"தெரியலம்மா."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கக் கூடாது. தினமும் படுக்கும்போது அவளை நினைச்சு வாயாரத் திட்டுவேண்ணே. திட்டிட்டுத்தான் படுப்பேன்."

எனக்கு என்ன தோன்றியதோ, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வருதே. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

வேலை முடிந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தைத்த பைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன். அந்தப் பெண் வந்ததை, சதை பிடித்திருப்பதை, புது வேலையை எல்லாம் சொன்னேன். திட்டியதையும் மறைக்கவில்லை. அக்கா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தூங்குதாமா?" என்றாள்.

"தூங்குதாம்க்கா."

அவள் சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிறகு பையை நேராகப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். நூல் அறுந்துபோயிருந்ததை ரொம்ப தூரம் தைத்த பிறகுதான் கவனித்தாள்.